ஆலன் மூரும் அதிமனிதப் பிரச்சினையும்

ஆகாயத்தில் பறக்கவும், மலையைப் பெயர்க்கவும், துப்பாக்கிக் குண்டை மார்பில் ஏற்று உதறவும் வல்ல ஒருவன் தன் ஆற்றலை நீதியின் பொருட்டு மட்டுமே செலவிடுவான் என்பதும், அவன் வாழும் நகரமும் அதன் அரசாங்கமும் அங்காடியும் அவன் வந்த பிறகும் முன்போலவே நடந்துகொண்டிருக்கும் என்பதும், 1938ஆம் ஆண்டில் சூப்பர்மேன் அமெரிக்கச் சித்திரக்கதையில் தோன்றிய நாள்முதல் அந்தக் கலையின் எழுதாச் சட்டங்களாக இருந்துவந்தன. வாசகர்கள் சிறுவர்களாதலால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. பிரசுரகர்த்தர்களுக்கோ லாபம் குறையாதவரையில் ஆட்சேபிக்கக் காரணமே இல்லை. 1954இல் அமெரிக்கப் பிரசுரகர்த்தர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட தணிக்கை நெறி, இந்தப் பாலபருவத்தை இன்னும் பல ஆண்டுகளுக்கு நீட்டித்துவிட்டது. இத்தகைய ஒருவன் மெய்யாகவே இருந்தால் அவன் மனம் என்னவாகும், அவனைச் சுற்றியுள்ள உலகம் என்னவாகும் என்ற கேள்வியைத் தயவுதாட்சணியமின்றிக் கேட்டு, அதன் விடையை அது இட்டுச்சென்ற இடம்வரை பின்தொடர்ந்தவர் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரத்தைச் சேர்ந்த ஆலன் மூர். அவருடைய சித்திரக்கதைகளில் அதிமனிதர்களைப் பற்றியவற்றையும், நாயகன் என்று சொல்லவும் தயங்கி, வில்லன் என்று தள்ளவும் மனம் வராத இருண்ட பாத்திரங்களைப் பற்றியவற்றையும் ஒருசேர எடுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூர் 1953ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை மதுவடிசாலைத் தொழிலாளி. தாய் அச்சகத்தில் வேலை பார்த்தவர். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு பேட்டையில் வளர்ந்து, போதை மருந்து விற்றதற்காகப் பதினேழாம் வயதில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு, தோல் பதனிடும் இடத்திலும் கழிப்பறை துப்புரவிலும் கூலிவேலை செய்தவருக்குப் பல்கலைக்கழகம் எதுவும் கதவைத் திறக்கவில்லை. முதலில் தாமே வரையவும் செய்தார். ஆனால் தம் கை மெதுவானது என்று கண்டு, பேனாவோடு நின்றுகொண்டார். அப்படி நின்றதில் கலைக்கு ஒரு லாபம் உண்டு: வரையத் தெரிந்தவர் எழுதியதால், ஓவியருக்கு அவர் அனுப்பும் குறிப்பு ஒவ்வொரு கட்டத்திலும் சுவரில் எது தொங்குகிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதுவரை விஸ்தரிக்கும். பின்னாளில் எழுதிய 'வாட்ச்மென்' தொடரின் முதல் இதழுக்கு அவர் தட்டச்சு செய்த குறிப்பு நூறு பக்கத்தைத் தாண்டியது. அச்சில் அந்த இதழோ முப்பது பக்கத்துக்குள் அடங்குவது.

1982ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லண்டனிலிருந்து 'வாரியர்' என்ற பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. அதில் மூர் இரண்டு தொடர்களை ஏககாலத்தில் ஆரம்பித்தார். ஒன்று 'மார்வல்மேன்'. இந்தப் பாத்திரத்தின் பூர்வோத்தரமே ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் கேப்டன் மார்வல் என்ற அதிமனிதன், சூப்பர்மேனின் நகல் என்று தொடுக்கப்பட்ட வழக்கினால் நிறுத்தப்பட, அந்தக் கதைகளை மறுபதிப்புச் செய்துவந்த ஆங்கிலேயப் பிரசுரகர்த்தர் பிழைப்புக்கு வழி தேடி, மிக் ஆங்லோ என்பவரைக் கொண்டு 1954இல் அதே அச்சில் ஒரு பதிலியை வார்த்துக்கொண்டார். நகலின் நகலாகப் பிறந்த அந்தப் பாத்திரம் 1963இல் மறைந்துபோயிற்று. அதை எடுத்து மூர் செய்தது என்னவென்றால், அந்தப் பழைய அசட்டுக் கதைகளில் ஒரு வரியையும் மறுக்காமல், அவை அனைத்தும் ஒரு மனிதனின் மூளைக்குள் அரசாங்க விஞ்ஞானி ஒருவன் ஊட்டிய கனவுகள் என்று காட்டியது.

மைக்கேல் மோரன் நடுவயதுப் பத்திரிகை நிருபன், தலைவலிக்காரன், தொப்பை விழுந்தவன், பறப்பதாகக் கனவு கண்டு விடியற்காலையில் வியர்த்து எழுபவன். அணுமின் நிலையம் ஒன்றின் திறப்பு விழாவுக்குச் செய்தி சேகரிக்கப் போன இடத்தில் ஆயுதந்தாங்கியோர் புகுந்துவிட, மயங்கிச் சரியும் நேரத்தில், கண்ணாடிக் கதவில் அணுவைக் குறித்து எழுதியிருந்த ஆங்கிலச் சொல்லை மறுபுறத்திலிருந்து தலைகீழாக வாசிக்கிறான். அதுவே அவன் மறந்துபோன மந்திரம். இந்த இடம்வரை கதை குதூகலமானது. அதன் பிறகுதான் மூரின் கை தெரிகிறது. பழைய கதைகளில் மார்வல்மேனுக்குத் துணையாக வந்த சிறுவன் ஜானி பேட்ஸ் இத்தனை ஆண்டுகளும் திரும்பத் தன் மனித உருவுக்கு மாறவேயில்லை. அதிமனிதனாகவே வளர்ந்து, பெரும் தொழிலதிபனாகி, மனிதர்களைப் புழுக்களாகக் காணப் பழகிவிட்டான். சண்டை ஒன்றில் வாய்தவறி மந்திரச் சொல்லை அவனே உச்சரித்துவிட, மீண்டும் அந்தப் பதின்மூன்று வயதுப் பயந்த பையனாகிவிடுகிறான். தனக்குள் என்ன உறங்குகிறது என்று அறிந்த அந்தப் பையன், அநாதை விடுதியில் மற்றப் பையன்கள் செய்யும் கொடுமைகளையெல்லாம் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாமல் இருக்கிறான். தாங்கமுடியாத ஒரு கணத்தில் சொல்லிவிடுகிறான். அன்பு காட்டிய தாதியை மட்டும் கொல்லாமல் விட்டுச் செல்பவன், இளகிவிட்டான் என்று பிறர் நினைப்பார்களே என்று இரண்டடி எடுத்துவைத்துத் திரும்பி வந்து அவளையும் கொல்கிறான். பிறகு லண்டன் மாநகரம்.

இந்த அழிவைக் காட்டும், 1988இல் அமெரிக்கப் பதிப்பில் வெளியான பதினைந்தாம் இதழை, ஜான் டோட்டில்பென் வரைந்த பிணக்காட்டை, ஒரு முறை பார்த்தவர் அதிமனிதச் சண்டையை இனி எந்தக் கதையிலும் விளையாட்டாகப் பார்க்க இயலாது. ஆனால் நம்மை உலுக்குவது பிணக்குவியலன்று. வேதனை தாளாமல் மறுபடி சிறுவனாக மாறிவிட்ட ஜானியை, அந்த நிரபராதியை, அரக்கன் இனி எழாதிருக்கும்பொருட்டு நாயகன் தன் கைகளில் ஏந்தி மெல்லக் கொல்வதே அவ்விதழின் உச்சம். அடுத்த இதழில் அவன் உலகத்தைச் சீர்படுத்தி, பணத்தை ஒழித்து, பசியைப் போக்கி, லண்டனின் சிதைவின்மேல் மாளிகை எழுப்பிக் கடவுளாக அமர்கிறான். அவனுடைய மனித மனைவியாயிருந்த லிஸ், நீயும் அமரத்துவம் பெறு என்ற அழைப்பை மறுத்துவிட்டுப் போகிறாள். ஏன் மறுத்தாள் என்பது அந்தக் கடவுளுக்குப் புரியவில்லை. சர்வ வல்லமையின் நல்ல முடிவு இப்படியிருக்கும், கெட்ட முடிவு அப்படியிருக்கும், இரண்டிலும் மனிதனுக்கு இடமில்லை என்பதை இவ்வளவு நிதானமாகச் சொன்ன படைப்பு இந்தத் துறையில் வேறில்லை. அமெரிக்காவில் இது 'மிராக்கிள்மேன்' என்ற பெயரில் வெளிவந்தது. மார்வல் நிறுவனம் பழைய பெயரை ஆட்சேபித்ததே காரணம். உரிமைச் சிக்கல்களால் நீண்ட காலம் கிடைக்காமல் இருந்து, இதன் புகழ் இதன் தகுதிக்கு எட்டாமலே போயிற்று.

'வாரியர்' பத்திரிகையின் மற்றொரு தொடர் 'வி ஃபார் வெண்டெட்டா'. 1605ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஆங்கிலப் பாராளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்க முயன்று பிடிபட்ட கை ஃபாக்ஸின் முகமூடியை நாயகனுக்கு அணிவிக்கலாம் என்ற யோசனை ஓவியர் டேவிட் லாயிடுடையது. எண்ணக் குமிழ்களும் ஓசைச் சொற்களும் வேண்டாம் என்று விதித்தவரும் அவரே. அணு யுத்தத்துக்குப் பிந்தைய இங்கிலாந்தைப் பாசிசக் கட்சியொன்று ஆள, முகாமொன்றில் சித்திரவதைப்பட்டுத் தப்பிய பெயரற்ற ஒருவன் அதன் தூண்களை ஒவ்வொன்றாகச் சாய்க்கிறான். தாட்சர் அம்மையாரின் ஆட்சிக் காலத்தில் ஓர் அராஜகவாதி எழுதிய கதையாதலால், இது பிரசாரமாக முடிந்திருக்கலாம். முடியாததன் காரணம் ஈவி என்ற பதினாறு வயதுப் பெண்.

ஈவி பிடிபடுகிறாள்; தலை மழிக்கப்படுகிறது; இருட்டறையில் அடைக்கப்படுகிறாள். சுவரிலுள்ள எலிவளையில், கழிவறைக் காகிதத்தில் பென்சிலால் எழுதிச் சுருட்டிவைத்த கடிதமொன்று அவளுக்குக் கிடைக்கிறது. தன் காதலை மறைக்க மறுத்ததற்காகச் சாகப்போகும் வேலரி என்ற நடிகையின் கடிதம் அது. அதன் பலத்தில் ஈவி பணிய மறுக்கிறாள், சாவதற்குத் துணிகிறாள், கதவு திறக்கிறது. வெளியே வந்தால், அந்தச் சிறையும் காவலரும் விசாரணையும் எல்லாம் அவளுடைய ரட்சகனான முகமூடிக்காரன் அவளை விடுவிக்கும் பொருட்டு ஏற்பாடு செய்த நாடகம்! கடிதம் மட்டும் உண்மை. அடுத்த கொட்டடியில் இருந்த வேலரியிடமிருந்து முன்னொரு நாள் அவனுக்குக் கிடைத்தது. இந்தக் கொடுமையை விடுதலை என்று ஒப்புக்கொள்வதா? ஈவி ஒப்புக்கொள்கிறாள், மூர் நம்மை ஒப்புக்கொள்ளும்படி வற்புறுத்தவில்லை. கொலைகாரன், பைத்தியம், மகான் என்ற மூன்றில் அவன் யார் என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். 2006இல் திரைக்கு வந்த படம் அவனைச் சற்று மென்மையான காதலனாக்கிவிட்டது; அந்தப் படத்திலிருந்து தம் பெயரை நீக்கச் சொன்ன மூரின் கோபத்தில் நியாயம் உண்டு. பிற்காலத்தில் பல நாடுகளின் தெருப் போராட்டங்களில் அந்த முகமூடி தோன்றியதையும், உரிமம் பெற்ற ஒவ்வொரு முகமூடி விற்பனையிலும் ஒரு பங்கு உரிமையாளரான வார்னர் நிறுவனத்துக்குப் போனதையும் சேர்த்து நினைத்தால், முதலாளித்துவத்தின் சாமர்த்தியத்துக்கு வேறு சான்று தேவையில்லை.

இதற்கிடையே அமெரிக்காவின் டிசி நிறுவனம், விற்பனை சரிந்துகிடந்த 'ஸ்வாம்ப் திங்' என்ற சதுப்பு நில அரக்கன் தொடரை அவரிடம் கொடுத்தது. விஞ்ஞானி ஒருவன் விபத்தில் தாவர உருவமாகி, மீண்டும் மனிதனாக ஏங்குவது அதன் பழைய கதை. 1984இல் மூர் எழுதிய இரண்டாவது இதழில் அந்த உடலைப் பிணப்பரிசோதனை செய்கிறார்கள். நுரையீரல் போன்ற ஒன்று இருக்கிறது, ஆனால் அதனால் சுவாசிக்க முடியாது. இதயம் போன்ற ஒன்று இருக்கிறது, அது துடிப்பதில்லை. மனிதன் தாவரமாகவில்லை, மனிதன் செத்துவிட்டான், அவனுடைய நினைவைத் தின்ற தாவரம் தன்னையே மனிதன் என்று நம்பிக்கொண்டிருக்கிறது! பழைய கதையின் ஒரு நிகழ்ச்சியையும் மாற்றாமல் அதன் பொருளை முற்றும் தலைகீழாக்கும் இந்த வித்தை மூருக்கே உரியது. தொடர் இருபத்தொன்பதாம் இதழிலிருந்து தணிக்கை முத்திரையைத் துறந்தது. அதே தொடரில் 1985இல் தோன்றிய ஜான் கான்ஸ்டன்டைன், மந்திரவாதிகளில் ஒரு புது வகை: மழைக்கோட்டும் சிகரெட்டுமாக வந்து, நண்பர்களைப் பலிகொடுத்தே காரியம் சாதிக்கும் தொழிலாளி வர்க்கத்து ஆங்கிலேயன். இருண்ட நாயகர்களின் வரிசையில் இவனைவிடப் பிழைக்கத் தெரிந்தவன் இல்லை; மூர் போன பிறகும் பல்லாண்டு காலம் தனித் தொடராக ஓடினான்.

இனி 'வாட்ச்மென்'. 1986, 1987 ஆண்டுகளில் டேவ் கிப்பன்ஸ் ஓவியத்தில் பன்னிரண்டு இதழ்களாக வந்த இந்நூலைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆயினும் மூல விஷயம் இரண்டொரு வாக்கியத்தில் அடங்கும். நியாயத்தின் பொருட்டு முகமூடி அணிந்து தெருவில் இறங்குபவர்கள் மெய்யாகவே இருந்தால், அவர்களிடம் கோளாறுள்ள மனங்கள் இருக்கும். மெய்யான ஆற்றலுள்ளவன் ஒருவனே இருந்தாலும் சரித்திரம் தடம்மாறிப்போகும்: டாக்டர் மன்ஹாட்டனால் அமெரிக்கா வியட்நாமை வெல்கிறது, நிக்சன் 1985இலும் ஜனாதிபதியாக இருக்கிறார், அணு யுத்தம் வாசலில் நிற்கிறது. நிஜ அதிமனிதர்கள் இருக்கும் உலகத்தில் சிறுவர்கள் அதிமனிதக் கதை படிப்பார்களா? படிக்கமாட்டார்கள், ஆகவே அங்கே கடற்கொள்ளைக்காரர் கதைகள்தான் விற்கின்றன. அப்படியொரு கதை நூலுக்குள் நூலாகப் பின்னப்பட்டிருக்கிறது. மூருடைய சிந்தனையின் ஒழுங்குக்கு இந்த ஒரு சிறு விவரமே போதிய உரைகல்.

வடிவத்தில் இந்நூல் செய்த காரியத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்கவேண்டும். பக்கத்துக்கு ஒன்பது கட்டங்கள் என்ற அடிப்படைச் சட்டகம் நூல் முழுவதும் தாளக்கட்டைப்போல் ஓடுகிறது. ஐந்தாம் இதழில் முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்தின் அமைப்போடும், இரண்டாம் பக்கம் கடைசிக்கு முந்தியதோடும் கண்ணாடிப் பிரதிபிம்பமாகப் பொருந்திக்கொண்டே போய், நடுவிலுள்ள இரட்டைப் பக்கத்தில், முகமூடி நாயகர்களில் ஒருவனான ஓஸிமாண்டியஸ் தன்னைக் கொல்லவந்தவனை அடித்து வீழ்த்தும் காட்சியில் சந்திக்கின்றன. முதல் வாசிப்பில் இது பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததனால் குறைவுமில்லை. இரு பக்கமும் ஒன்றேபோல் பரவும் மைக்கறையை முகமூடியாக அணிந்த ரோர்ஷாக் பிடிபடுவது அந்த இதழில்தான் என்பதை நினைத்தால், வடிவமே இங்கே பொருளாகிறது. திரைப்படத்தாலோ நாவலாலோ செய்யமுடியாத காரியங்களைச் செய்வதே தம் நோக்கம் என்று மூர் சொல்லிவந்தார். 2009இல் வந்த திரைப்படம் காட்சிகளை அச்சொட்டாகப் பிரதியெடுத்தும் உயிரற்றுப் போனதற்கு இதுவே விளக்கம்.

ரோர்ஷாக் பற்றித் தனியே சொல்லவேண்டும். சித்திரக்கதை ஓவியர் ஸ்டீவ் டிட்கோ படைத்த 'க்வெஸ்சன்', 'மிஸ்டர் ஏ' என்ற, நன்மைக்கும் தீமைக்கும் நடுவே சாம்பல் நிறத்தை ஒப்பாத பாத்திரங்களின் வாரிசு அவன். நாற்றமெடுத்த உடையும், ஆறிப்போன பீன்ஸ் டப்பாவும், மனிதகுலத்தின்மேல் அருவருப்புமாக அவனைத் தீட்டி, இப்படிப்பட்ட கொள்கையின் முடிவு இது என்று மூர் எச்சரித்தார். வாசகர்களோ அவனையே ஆதர்ச புருஷனாகக் கொண்டாடினார்கள். அது மூருக்கு வெறுப்பையே தந்தது. வாசகரை மட்டும் குறைகூறுவதில் பயனில்லை. லட்சக்கணக்கானோரைக் கொன்று உலக சமாதானத்தை வாங்கிய ஓஸிமாண்டியஸின் பொய்க்கு எல்லோரும் உடன்பட்டு வாய்மூடும்போது, உண்மையை மறைக்கமாட்டேன் என்று சொல்லிப் பனியில் சாகத் துணிபவன் இந்தக் கிறுக்கன் ஒருவனே. நூலின் தார்மிக வலிமையான கணத்தை அதன் மிக அருவருப்பான பாத்திரத்துக்குக் கொடுத்தது மூரின் கை. கொடுத்தபின் கொண்டாட்டத்தைத் தடுக்க அவரால் இயலாது. இதை நான் குறையாகக் கருதவில்லை, நூலின் பெருமையாகவே கருதுகிறேன்.

குறை என்றால் 'தி கில்லிங் ஜோக்' இருக்கிறது. பிரயன் பாலண்டின் அற்புதமான கோடுகளில் 1988இல் வந்த இந்தக் குறுநூலில், பிழைப்பற்ற நகைச்சுவைக்காரன் ஒருவன் ஒரே நாளின் துயரங்களால் பேட்மேனின் எதிரியான ஜோக்கராக மாறினான் என்றும், யாரையும் அப்படி மாற்றலாம் என்று நிரூபிக்க அவன் போலீஸ் கமிஷனர் கார்டனின் மகள் பார்பராவைச் சுட்டு முடமாக்கினான் என்றும் கதை. கமிஷனர் புத்தி பேதலிக்காமல் நின்று அந்தச் சித்தாந்தத்தைப் பொய்யாக்குகிறார். பார்பராவுக்கோ நூலில் வலியைத் தவிர வேறு வேலையில்லை. ஓர் ஆணின் மனவுறுதியைப் பரீட்சிக்க ஒரு பெண்ணின் உடலைப் பலியிடுவது மூரின் பல கதைகளில் திரும்பத் திரும்ப வருவதாகப் பெண் விமரிசகர்கள் கூறும் குற்றச்சாட்டுக்கு இந்நூலே முதற்சாட்சி. இது நல்ல நூலன்று என்று மூரே பிற்காலத்தில் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு நியாயம் செய்தவர்கள் கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் தம்பதியர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கணிப்பொறியின் துணையால் அதிமனிதர்களுக்கெல்லாம் வழிகாட்டும் 'ஆரக்கிள்' என்று அவளை மறுபிறவி எடுக்கச் செய்தார்கள்.

'வாட்ச்மென்' வந்த அதே 1986இல் ஃபிராங்க் மில்லரின் முதிய பேட்மேன் கதையும் வந்து வெற்றிபெற்றதால், இருட்டு விலைபோகும் என்று பிரசுரகர்த்தர்கள் முடிவுகட்டினார்கள். தொண்ணூறுகளில் பல்லைக் கடித்துத் துப்பாக்கி சுமந்த நாயகர்கள் கடைகளை நிறைத்தார்கள். மூரிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது ரத்தத்தை. விட்டுவிட்டது காரண காரியத்தை. 'மார்வல்மேன்' கதையில் ஜானி நகரத்தைச் சாம்பலாக்குவது பயங்கரமாயிருப்பது, அதற்கு முந்தைய ஒவ்வொரு பக்கமும் அந்தச் சாம்பலுக்குத் தர்க்கரீதியாக இட்டுச்சென்றதால்தான். தர்க்கம் இல்லாத இடத்தில் இருட்டு வெறும் இருட்டு. 'தி கில்லிங் ஜோக்'கில் மூரே அந்தப் பிழையைச் செய்தார் என்பதால், பின்வந்தவர்களை முற்றிலும் நிந்திக்கவும் முடியவில்லை. தாம் திறந்துவிட்ட கதவை மூட அவர் பிறகு பிரயத்தனப்பட்டதும் உண்டு: 1999இல் தொடங்கிய 'டாம் ஸ்ட்ராங்' போன்ற தொடர்களில் பழைய காலத்து வெளிச்சத்தையும் விளையாட்டையும் மீட்டுத்தர முயன்றார். அவை இனிமையானவை, ஆனால் மார்வல்மேனின் கனம் அவற்றில் இல்லை. விக்டோரியா காலத்து நாவல் பாத்திரங்களைக் கூட்டிய 'லீக் ஆஃப் எக்ஸ்ட்ராடினரி ஜென்டில்மென்' தொடரில் ஜூல்ஸ் வெர்னின் கேப்டன் நீமோவை, நாவலாசிரியர் சொன்னபடியே, ஆங்கிலேயரை வெறுக்கும் இந்திய இளவரசனாக நிறுத்தியது நமக்கு ஒரு தனி ருசி.

உரிமை விஷயத்தைச் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. 'வாட்ச்மென்' ஒப்பந்தத்தில், நூல் விற்பனையில் இல்லாமல் குறித்த காலம் கழிந்தால் உரிமை ஆசிரியர்களுக்குத் திரும்பும் என்று ஒரு ஷரத்து இருந்தது. அக்காலத்தில் சித்திரக்கதை நூல்கள் சில மாதங்களில் மறைந்துவிடும் என்பதால் இருவரும் சந்தோஷமாகக் கையெழுத்திட்டார்கள். நூல் அச்சில் இல்லாத நாளே வரவில்லை, உரிமையும் வரவில்லை. எண்பதுகளின் முடிவில் மூர் டிசியிடம் வேலை செய்வதை நிறுத்தினார். திரைப்படப் பணத்தைத் தம் பங்குக்கு வேண்டாமென்று ஓவியர்களுக்கு விட்டுக்கொடுத்தார். படைப்பாளிகள் உரிமையை இழப்பது இந்தத் துறையில் புதிதன்று: சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் 1938இல் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தவர்கள். அந்தச் சீகல் அறுபதுகளில் ஆங்கிலேயப் பத்திரிகைக்குக் கூலிக்கு எழுதியதுதான் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரின் கதைகள்.

இந்த ஸ்பைடரைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களில் இரும்புக்கை மாயாவியையும் ஸ்பைடரையும் ஆர்ச்சியையும் படித்து வளர்ந்த தலைமுறை இன்றும் இருக்கிறது. மாயாவியும் ஸ்பைடரும் குற்றவாளிகளாகத் தொடங்கிப் பின்னர் நல்வழிக்கு வந்தவர்கள். இருண்ட நாயகன் என்ற பதார்த்தம் நமக்கு அன்றே பரிச்சயம். 2005இல் மூர் கதையமைப்பு வகுக்க, அவர் மகள் லியாவும் ஜான் ரெப்பியனும் எழுதிய 'ஆல்பியன்' என்ற தொடரில், இந்த மூவரும் மற்றப் பழைய ஆங்கிலேய நாயகர்களும் மெய்யாக வாழ்ந்தவர்கள் என்றும், அரசாங்கம் அவர்களைச் சிறைவைத்து மறைத்துவிட்டது என்றும் கதை. அது மூரின் சிறந்த படைப்புகளில் சேராது. நம் வாசகர் அதைப் படிக்கும் பரிவோடு வேறு நாட்டார் படிக்கமுடியாது என்பது மட்டும் நிச்சயம்.

அதிமனிதர்மேல் வளர்ந்தவர்கள் கொள்ளும் மோகம் பாசிசத்துக்கு முன்னோடியாகலாம் என்று 2022இல் மூர் ஒரு பேட்டியில் சொன்னபோது, தாம் ஏறிவந்த ஏணியை உதைக்கிறார் என்று பலர் சினந்தார்கள். மார்வல்மேனையும் ஓஸிமாண்டியஸையும் கவனமாகப் படித்தவர்களுக்கு அதில் புதுமை எதுவுமில்லை. அவர் எண்பதுகளில் கதையாகச் சொன்னதை எழுபதை நெருங்கும் வயதில் வாக்கியமாகச் சொன்னார், அவ்வளவே. புதிதாகப் படிக்க விரும்புவோருக்கு ஒரு யோசனை: பெரும்பாலோர் செய்வதுபோல் 'வாட்ச்மென்'னில் தொடங்காமல், 'ஸ்வாம்ப் திங்'கின் அந்தப் பிணப்பரிசோதனை இதழில் தொடங்கி, 'மிராக்கிள்மேன்' பதினாறு இதழ்களையும் முடித்து, அதன் பிறகு 'வாட்ச்மென்'னுக்கு வாருங்கள்; 'தி கில்லிங் ஜோக்'கைப் படிக்காமல் விட்டாலும் நஷ்டமில்லை.